எடைக் கணக்கு

மல்லாவிச் சந்தியில் மோட்டர் சைக்கிள் திருத்துகிற கடை.
பின்பக்கத் தகரத்துக்குக் கீழே
நிறோஜினி இரண்டு செட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.
எலும்புக்கு மூங்கில் ஈர்க்கு,
நரம்புக்குத் தங்கூசி,
தோலுக்கு, உரப்பையின் உள்ளே வருமே
அந்த மெல்லிய பொலித்தீன்.
மோட்டர் ஒரு செத்துப்போன பிறின்டரில் கழற்றியது.

நாலு விசிறி பூட்டினால் சுகமாக எழும்புமே என்றேன்.
நிமிராமலே கேட்டாள்:
"போன காலபோகத்தை மறந்திட்டீங்களோ?"

மறக்கவில்லை.
மருந்தடிக்கவென்று கொம்பனிக்காரர் ட்றோன் கொண்டுவந்தார்கள்.
பாண்டியன்குளத்து வயலில்
அது கிளம்பி இரைந்த கணம்
களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் பதினொரு பேர்
ஒருவரையொருவர் பார்க்கவுமில்லை,
வரம்போடு வரம்பாய்
குப்புறக் கிடந்தார்கள், சேற்றுக்குள் முகம்.
கொம்பனிப் பெடியன் தூர ஊரான்.
"பாம்போ? பாம்போ?" என்று ஓடிவந்தான்.
நான் சொன்னேன்: வண்டு.
அவன் பயிரைக் குனிந்து பார்த்து
வண்டுக்கும் எங்களிட்ட மருந்து இருக்கு, ஐயா
என்றான்.

அன்று தொடக்கம் இவள் இந்த வேலையில்.
கதிருக்கு வருகிற கிளியைக் கலைக்க வேண்டும்,
மனிசரைக் கலைக்கக்கூடாது.
வரைபடத்தில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.

முதலாவது தென்னையில் மோதியது.
இரண்டும் மூன்றும் எழும்பவேயில்லை.
ஐந்தாவதை ஒரு செம்பருந்து தூக்கிக்கொண்டு போய்
ருசி பிடிக்காமல்
வவுனிக்குளத்து நடுத் தண்ணியில் போட்டது.
பற்றரிதான் பாவம் என்றாள், மூவாயிரம் ரூபாய்.

இடையில் ஒரு மத்தியானம் என்னையும் கணக்கில் போட்டாள்.
அறுபத்திரண்டு கிலோ மனிசன்
செட்டை அடித்துப் பறக்க என்ன வேணும்?
கொப்பியின் பின்மட்டையில் எழுதிக்கொண்டே போனாள்.
"கை காணாது அண்ணை. நெஞ்சு காணாது.
நெஞ்செலும்பு வள்ளத்தின்ர அடிமரம் மாதிரி
முன்னுக்குத் தள்ளி நிக்கவேணும்.
குதிரைக்கு இருக்கிற அளவு தசை வேணும்."
"கால்?"
"கால் சும்மா பாரம்."
சொன்ன பிறகுதான் என் வலப்பக்கத்தைப் பார்த்தாள்.
முழங்காலுக்குக் கீழே அது பிளாஸ்ரிக்.
"அப்ப மூண்டு கிலோ லாபம்" என்றேன்.
சிரிக்கலாமோ என்று கொஞ்சம் பொறுத்தாள்.
சிரித்தாள்.
மூன்றைக் கழித்து மறுபடியும் போட்டாள்.
அப்பவும் நான் எழும்பவில்லை.

ஒன்பதாவது நேற்றுப் பறந்தது.
விடியற்புறம், அலைகரையில் பனி கலையவில்லை.
கச்சான் பிடுங்கப் போகிற அதே பெண்கள்
கடகங்களோடு வாய்க்கால் தாண்டி வந்தார்கள்.
நிறோஜினி ஓடினாள், கையை விட்டாள்.
ஈரச் சீலையை உதறுகிற சத்தம்,
ஒரு உதறல், பிறகொன்று,
பிறகு வயலுக்கு மேலே அது தானாக.

ஒருவரும் விழவில்லை.
தெய்வமலர் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு
கண்ணுக்கு மேலே கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.
"வௌவாலோ உது, பகலில?"
வாய் திறந்தபடி
வெளுக்கிற வானத்தை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

கிளிகள் கிளம்பி ஒரு வட்டம் அடித்து
திரும்பவும் அதே கதிரில் குந்தின.
முப்பத்தெட்டு விநாடி.
வாய்க்காலுக்குள் மூக்குக் குத்தி விழுந்ததைத்
தெய்வமலரே இறங்கி எடுத்து வந்தாள்,
தலைப்பால் சேறு துடைத்து.

நிறோஜினி என்னைத் தேடினாள்.
வரம்பின் பதிந்த பக்கத்தில் நான் குந்தியிருந்தேன்,
தலைக்கு மேலே இரண்டு கையும்.
எப்போது குந்தினேனென்று எனக்குத் தெரியாது.

"கால் பட்டி இளகிப்போச்சு" என்றேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
கொப்பியை எடுத்து
வால் அரை அங்குலம் குறைக்க வேணும்
என்று எழுதினாள்.
கொஞ்சம் யோசித்து, அதன் கீழே
சத்தம்: இன்னும்
என்று எழுதி
அடிக்கோடு போட்டாள்.